குடக்கூலி

வால்விஸ் பே முழுக்க இன்று அழுகிய முட்டை நாற்றம்.
கடலுக்கு வயிறு சரியில்லை என்கிறார்கள்.
சன்னலில்லாத தகரக் குடிலில்
கௌனாபாவா மூக்கைப் பொத்தாமலே
காலுறை தேடுகிறாள்.
ஒன்று கிடைத்தது. இன்னொன்று ஈரம்.

மத்தி அடைக்கும் ஆலையில் ஒன்பது வருடம்
தலை கிள்ளும் வேலை.
மத்தி வருவது நின்றது. பட்டை ஓடுவது நின்றது.
டப்பாக்கள் மட்டும்
வெறும் வயிற்றோடு கூரைவரை அடுக்கிக் கிடந்தன.
இப்போது ஆய்வுக் கப்பலில் இரவுப் பணி,
ஒரு பயணத்துக்கு ஐந்து இரவு:
வலையில் வந்ததைப் பிரி, எண்ணு, எழுது.

வலையில் வருவது சொறிமீன்.
வின்ச் முனகி முனகி ஏற்றும்
சிவந்த, கனத்த மூட்டை
அவிழ்த்ததும் தளமெல்லாம் கஞ்சியாய் ஓடும்.
நுங்கு என்று தொட்டால் நெருப்பு.
கையுறை முடிந்து சட்டை தொடங்குவதற்குள்
இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரியும்,
அந்த இடத்தை எப்படியோ கண்டுபிடித்துவிடும்.

அதற்குள்ளே
ஒரு விரல் நீளத்தில் ஒரு மீன்.
மோவாயில் இரண்டு இழை தாடி.
உயிரோடு. ஒரு கொப்புளம் இல்லாமல்.
அவள் மணிக்கட்டு எரிய எரிய அதைப் பார்த்தாள்:
உனக்கு மட்டும் எப்படி?

நார்வேக்காரி சோல்வேய் சொன்னாள்:
பகலில் இது கடலடிச் சேற்றில் கிடக்கும்,
மூச்சுக்குக் காற்றே இல்லாத சேற்றில்.
அங்கே துரத்திவர யாருக்கும் நுரையீரலும் இல்லை செவுளும் இல்லை.
இருட்டினால் மேலேறி
சொறிமீன்களுக்கு நடுவே புகுந்துகொள்ளும்.
அங்கேதான் மூச்சு வாங்கும்.
அங்கேதான் தின்றது செரிக்கும்.
கடல்நாய் வந்து பார்த்து
முகம் சுளித்துத் திரும்பிப் போய்விடும்.

விடியறதுக்குள்ள மறுபடி கீழ இறங்கணுமா?
ஆமாம்.
கௌனாபாவா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
மூன்று இருபது.

கத்தரி வயிற்றைத் திறந்தபோது
உள்ளே கொஞ்சம் சிவந்த கூழ்.
படிவத்தில் ஒரு கட்டம்: இரை.
சொறிமீன் என்று எழுதினாள்.
அடுத்த கட்டம்: பிடிபட்ட இடத்தில் உடனிருந்தவை.
அதிலும் அதையே எழுதிவிட்டுச் சிரித்தாள்.
ஏன் சிரிக்கிறாய் என்று சோல்வேய் கேட்டதற்கு
பதில் சொல்ல ஆங்கிலம் போதவில்லை,
ஒஷிவாம்போவும் போதாது.

குய்செப்மண்டில்
ஷிவுட்டே வீட்டுப் பின்முற்றத்தில்தான் அவள் குடில்.
மாதம் அறுநூறு டாலர், தண்ணீர் தனி.
நாக்கில் கொடுக்கு அந்த மனிதருக்கு.
வாடகை ஒருநாள் பிந்தினால்
தெரு முழுக்கக் கேட்கும்.
ஆனால் வாசலில் அவர் நாற்காலி கிடக்கும்வரை
சம்பள நாளில் பின்னால் வரும் பையன்கள்
வேலியோடு நின்றுவிடுகிறார்கள்.
அவர் மீட்டரிலிருந்து
சுவரோரமாய், கோழிக்கூண்டுக்குப் பின்னால்,
ஒரு வயர் அவள் குடிலுக்கு வருகிறது.
ஒரு பல்பு. ஒரு கெட்டில்.
அவருக்குத் தெரியாது.
அல்லது.

ஐந்தாம் இரவு முடிவில்
வாளியில் பதினொன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.
கணக்கில் ஏற்றியாயிற்று.
தனியாகக் கொட்டினால்
கப்பலைச் சுற்றும் கடல்நாய்களுக்கு ஒரு வாய்.
மண்வெட்டியால் சொறிமீனை வாரி
வாளியில் போட்டு
எல்லாவற்றையும் ஒன்றாகச் சாய்த்தாள்.
கடல்நாய் ஒன்று தலை தூக்கி
பெரிய மனுஷன்போல் பார்த்தது. போனது.

மூடுபனியில் வீடு வந்தபோது
ஷிவுட்டே நாற்காலியில், போர்வைக்குள்.
கையில என்ன?
சொறி.
வாடகை?
வெள்ளிக்கிழமை.
நாற்றம் இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கும்
என்றார், அவள்தான் கொண்டுவந்ததுபோல.

உள்ளே போய் கெட்டிலைத் தட்டினாள்.
தகரத்தின் ஓட்டை வழியே தெரிந்தது:
அவர் வாசல் விளக்கு
ஒருமுறை மங்கியது.
நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார்.
இருமினார்.
தண்ணீர் கொதிக்கும்வரை மங்கலிலேயே உட்கார்ந்திருந்தார்.